குடிக்கச் சொல்கிறீர்கள், போவதற்கு இடம் எங்கே?

பங்குனி பிறப்பதற்கு முன்பே அறிவிப்பு வந்துவிடுகிறது. பகல் 11 மணி முதல் 3 மணி வரை தேவையில்லாமல் வெளியே வராதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். தளர்வான, வெளிர் நிறப் பருத்தி ஆடை அணியுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். நான்கே வரிகள்தான். தொலைக்காட்சியில் அடியில் ஓடுகின்றன, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகின்றன. அதே நாள் நாளிதழில் எந்தக் கட்சி எத்தனை நீர்மோர்ப் பந்தல் திறந்தது என்ற செய்தியும், தர்பூசணிக் கீற்றை நீட்டியபடி ஒரு பிரமுகர் கேமராவைப் பார்க்கும் படமும் இருக்கும்.

இந்த நான்கு வரிகளும் மருத்துவரீதியாகச் சரியானவை. ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. என் கேள்வி, இவை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதுதான். வெளியே போவதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்க முடிந்த ஒருவர். குளிர்ந்த வீடு உள்ளவர். தண்ணீர் குடித்தால் அரை மணி நேரத்தில் எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிராதவர். தன் உடையைத் தானே தேர்ந்தெடுப்பவர். இந்த நான்கும் ஒருசேர வாய்த்த பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு கை விரல்கள் மிச்சம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொண்டு பேசலாம்.

முதல் வரி: வெளியே வராதீர்கள்.

தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அங்கே வெயில்தான் மூலதனம். வெயில் ஏற ஏற உப்பு விளையும். உப்பு விளைய விளைய வேலை கூடும். பாத்தியில் இறங்கி உப்பை வாரிக் குவிப்பதும், தலையில் சுமந்து கரையேற்றுவதும் வெயில் நாளின் வேலைகள். மேலே சூரியன், கீழே உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்பி முகத்தில் அறையும் இன்னொரு சூரியன். வெயிலுக்கு ஒதுங்கினால் கூலி இல்லை. மழைக்காலத்தில் உப்பே விளையாது என்பதால் அப்போதும் கூலி இல்லை. அந்த வறண்ட மாதங்களுக்குத்தான் தமிழக அரசு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. மழையால் வேலை போவது இழப்பு என்று அரசுக்குப் புரிந்திருக்கிறது. வெயிலில் வேலை செய்வதால் உடல் போவதும் இழப்புதான் என்பது இன்னும் புரியவில்லை.

சரி, வெளியே வரவில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம். எந்த வீட்டுக்குள்? தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே உள்ள வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்கள் வேப்ப மரத்தடிக்கு ஓடிவிடுவார்கள். அந்த வீட்டிலும் மிகச் சூடான இடம் அடுப்படி. கூடத்தில் மின்விசிறி இருக்கும். வசதி இருந்தால் படுக்கை அறையில் ஏசியும் இருக்கும். அடுப்படியில் மின்விசிறி போட முடியாது, போட்டால் தீ அணைந்துவிடும். குழம்பு கொதித்து முடியும் வரை அவள் அங்கேதான் நிற்க வேண்டும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். வெப்ப எச்சரிக்கை நாளில் இந்தக் கணக்கு மாறுகிறதா? கூடத்தான் செய்கிறது. பள்ளி விடுமுறை, எல்லோரும் வீட்டில், ஆளுக்கொரு வேளை ஜூஸ், ஆளுக்கொரு வேளை மோர். "வெயிலில் வெளியே போகாதீர்கள்" என்பது வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கு ஓய்வு. அவளுக்கு இன்னும் ஒரு பந்தி.

வெப்பத்தை அளக்கும் முறையிலேயே இந்தப் பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் ஒரு முக்கிய வரையறை. கடலோரத்தில் அது 37 டிகிரி. இந்த வெப்பநிலை நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியால் அளக்கப்படுவது. வானிலையைக் கணிக்க அதுவே சரியான முறை. ஆனால் செங்கல் சூளையின் வாசலிலும், சலவைக்கடையின் இஸ்திரி மேசையிலும், இட்லிக் கடையின் கொப்பரைக்குப் பக்கத்திலும் யாரும் அப்படியொரு பெட்டி வைப்பதில்லை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் வெப்பநிலை எண் சிறியதாகத் தெரியும்; காற்றிலோ ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடல் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. 37ஐத் தொடாத நாளில் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, விடுப்பும் இல்லை.

இரண்டாவது வரிக்கு வருகிறேன். தண்ணீர் குடியுங்கள்.

கல்லூரி முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்கும் வரை ஓராண்டு நான் ஒரு துணிக்கடையில் நின்றேன். "வேலை பார்த்தேன்" என்று எழுதுவதைவிட "நின்றேன்" என்று எழுதுவதே பொருத்தம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஊழியர்களுக்கான கழிப்பறை நாங்கள் நின்ற தளத்திலிருந்து மூன்று மாடி மேலே, மொட்டை மாடியில். வாடிக்கையாளர் கழிப்பறைக்குள் நாங்கள் போகக் கூடாது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். அவர் ஆண். ஒரு தளத்துக்கு ஒரே டோக்கன். நேரம் நோட்டில் ஏறும். சேர்ந்த இரண்டாம் நாள் எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா சொல்லிக்கொடுத்த முதல் தொழில் பாடம் புடவை மடிப்பது பற்றியதல்ல. "காலையில காப்பியோட நிறுத்திக்கோ பாப்பா. சாயங்காலம் நாலு மணிக்கு மேல குடிச்சுக்கலாம்." பதினோரு ஆண்டுகளாக அவர் அப்படித்தான் இருந்தார். நீர்க்கடுப்பு வந்தால் மருந்துக்கடையில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். எங்கள் தளத்தில் ஒரு பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வராத மாதம் எனக்கு நினைவில்லை.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பெண்ணின் சிறுநீர்க் குழாய் சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளம்தான். ஆணுக்கு அது பல மடங்கு நீளம். கிருமி பெண்ணின் சிறுநீர்ப்பையை எளிதில் எட்டிவிடும். அதை வெளியே தள்ள உடலிடம் இருக்கும் முதல் வழி, போதிய தண்ணீர் குடித்து அவ்வப்போது சிறுநீர் கழிப்பது. குடிக்காமலும் கழிக்காமலும் இருந்தால் தொற்று, தொற்று மேலேறினால் சிறுநீரகத்தில் வலி, காய்ச்சல். கல்லடைப்பு தனி. கடும் வெயிலில் உடலுழைப்பு செய்பவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போகலாம். அந்தப் பெண்ணும் "நாலு மணிக்கு மேல குடிச்சுக்கலாம்" என்று இருந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று நம் மாநிலத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவரது குழுவினரும் 300க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களிடம் ஆய்வு செய்து 2016இல் கட்டுரை வெளியிட்டார்கள். வெப்பத்தையும் கழிப்பறை இல்லாமையையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு அது. அந்த இரண்டையும் ஒன்றாக வைத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அரசுக் கோப்புகளில் அவை ஒன்றாக இல்லை. வெப்பம் பேரிடர் மேலாண்மைத் துறையில் இருக்கிறது. கழிப்பறை உள்ளாட்சியில் இருக்கிறது. வேலைநேரம் தொழிலாளர் துறையில் இருக்கிறது. சிறுநீரகம் மருத்துவத் துறைக்குப் போகிறது. இந்த நான்கும் ஒரே பெண்ணின் உடம்பில் நடக்கின்றன.

2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தைப் பாருங்கள். பணியிடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை சொன்னது: பாதுகாப்பான குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி. நல்ல பட்டியல், போராடிப் பெற்ற பட்டியல். அதில் கழிப்பறை இல்லை. ஏரிக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் வேலை செய்ய வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். குடிக்கத் தண்ணீர் எழுதியவர்களுக்கு அது உள்ளே போய் வெளியே வரும் என்பது தோன்றவில்லை. நீர்மோர்ப் பந்தலும் அப்படித்தான். பந்தலுக்கு முன்னால் தலைவர் படம் இருக்கிறது. பின்னால் என்ன இருக்கிறது? ஆண்களுக்கு ஒரு சுவர் இருக்கிறது. பூ விற்கும் அக்கா மோரை வாங்கித் தன் பேரனுக்குக் கொடுத்துவிடுகிறார்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண், கடைத்தெருப் பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு உட்கார நாற்காலி. 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அதையே செய்தது. 'அங்காடித் தெரு' படம் பார்த்து நாமெல்லாம் அழுதது 2010இல். அழுகைக்கும் சட்டத்துக்கும் நடுவே 11 ஆண்டுகள். சட்டத்துக்கும் நாற்காலிக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள் என்பதை நீங்கள் அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது வரி: தளர்வான பருத்தி ஆடை.

கட்டட வேலையில் சித்தாளாக இருக்கும் பெண் புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறார். உப்பளத்திலும் அப்படித்தான். சிமெண்டும் உப்பும் தோலை அரிக்கும் என்பதற்காக ஒரு பாதி. குனிந்து நிமிரும்போது சுற்றிலும் உள்ள கண்களுக்காக இன்னொரு பாதி. அந்த இரண்டாவது பாதி வெப்பத்தை எந்த வெப்பமானி அளக்கும்? கடையில் நிற்கும் பெண்ணுக்குச் சீருடையாகக் கொடுப்பது பாலியஸ்டர் புடவை. கசங்காது, சாயம் போகாது, கடைக்கு அழகு. மாதவிடாய் நாளில் அந்தப் புடவைக்குள் காலையில் வைத்த நாப்கினை மாலை வரை மாற்ற முடியாமல் வியர்வையோடு நின்றால் தொடை இடுக்கு வெந்து புண்ணாகும். இதையெல்லாம் "பொம்பளைங்க பிரச்சினை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேலையிடத்தின் பிரச்சினை என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

எழுதிவைக்காவிட்டால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. கரும்பு வெட்டும் பெண்கள் கருப்பையை எடுத்துக்கொள்வது பற்றி 2019இல் அந்த மாநில அரசு ஒரு குழு அமைத்தது. கணக்கெடுக்கப்பட்ட சுமார் 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஒப்பந்ததாரர் அபராதம் பிடிப்பார். தோட்டத்தில் கழிப்பறையும் இல்லை, கழுவத் தண்ணீரும் இல்லை. வேலையிடத்தை மாற்ற முடியாதபோது உடம்பை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது இந்த ஏற்பாடு. "காப்பியோட நிறுத்திக்கோ" என்ற அறிவுரைக்கும் இதற்கும் இடையே அளவில்தான் வேறுபாடு.

நான்காவது வரி: கர்ப்பிணிகள் கவனமாக இருங்கள்.

அதே ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் 2017இல் தொடங்கிய இன்னோர் ஆய்வில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 800 கர்ப்பிணிகள் இடம்பெற்றார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் வயல், சூளை, உப்பளம் போன்ற வெப்பமான வேலையில் இருந்தவர்கள். வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் மற்றவர்களைவிட இருமடங்கு என்று கண்டார்கள். 2024இல் இது உலகச் செய்தியானது.

நம் தெருவில் இது செய்தி ஆகவில்லை. நம் தெருவில் கரு கலைந்தால் கேட்கப்படும் கேள்விகள் வேறு. பப்பாளி தின்றாயா? அன்னாசி தின்றாயா? வண்டியில் போனாயா? மாடிப்படி ஏறினாயா? உனக்குச் சூட்டு உடம்பா? மாமியார் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், சில நேரம் செவிலியரும் கேட்கிறார். "எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றாய், யார் நிற்க வைத்தது?" என்று ஒருவரும் கேட்பதில்லை. குற்றவாளி எப்போதும் அவள் வாய், அவள் கால், அவள் உடம்பின் சூடு. சூளையின் சூடு விசாரணைக்கு வருவதே இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே கருச்சிதைவுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு தந்தது. பலருக்கு அப்படியொரு உரிமை இருப்பதே தெரியாது. தெரிந்தாலும், சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கேட்க முடியும். சூளையில் கணவன் பெயரில் முன்பணம் வாங்கி இருவராக உழைக்கும் குடும்பத்தில் அவள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? பெயரே இல்லாதவளிடம்தான் "கவனமாக இருங்கள்" என்கிறது அறிவிப்பு.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல தொடக்கம், வரவேற்கிறேன். ஆனால் எதை எண்ணுவார்கள்? நடுரோட்டில் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் வெப்பத் தாக்கு என்று எழுதப்பட்டால் எண்ணிக்கையில் வரலாம். பத்துக் கோடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகம் போனால்? ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தால்? அடுப்படியில் சரிந்து விழுந்தவளுக்கு "ஏற்கெனவே பி.பி. இருந்தது" என்று எழுதிவிட்டால்? பிணம் விழுந்தால்தான் பேரிடர் என்றால், பெண்களின் பேரிடர் பெரும்பாலும் கணக்கில் வராது. குஜராத்தில் பிறந்த சேவா சங்கம் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. வெப்பம் ஓர் அளவைத் தாண்டினாலே உறுப்பினர்களுக்குப் பணம் போய்ச் சேரும் காப்பீடு அது. 2024 கோடையில் காப்பீடு செய்த 50,000 பெண்களில் 46,000க்கும் மேற்பட்டோருக்குப் பணம் கிடைத்தது. சிறு தொகைதான். ஆனால் உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு, அவள் இழந்த கூலிக்காகக் கிடைத்த தொகை.

இதைப் பேசும்போதெல்லாம் மூன்று மறுப்புகள் வரும்.

ஒன்று, ஆண்களுக்கும் அதே வெயில்தானே? ஆமாம். நான் கேட்கும் நிழலும் தண்ணீரும் ஓய்வும் அவர்களுக்கும்தான். பெண்ணுக்காகக் கட்டப்படும் கழிப்பறையால் எந்த ஆணுக்கும் நோய் வந்ததில்லை. பெண் இல்லை என்று நினைத்து எழுதப்பட்ட விதியால் பெண்ணுக்கு நோய் வந்திருக்கிறது.

இரண்டு, செலவு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே குடிநீரையும் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீர் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. சுதந்திரம் வாங்கிய மறு ஆண்டு ஏழை நாட்டால் கட்டும்படியான செலவு, இன்றைக்கு இத்தனை வளர்ந்த மாநிலத்தால் கட்டும்படியாக இல்லையா? இந்தியாவின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று முதலீட்டாளர் மாநாட்டில் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைக்குக் கணக்கு எடுத்தவர்கள் கழிப்பறைக்கும் எடுக்கட்டும். 2025இல் சென்னை அண்ணா நகரில், உணவும் பொருளும் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்களுக்கு ஏசி வைத்த ஓய்வறையை மாநகராட்சி திறந்தது. முடியும் என்பதற்கு அதுவே சான்று. பூக்காரருக்கும் காய்கறிக் கூடைக்காரருக்கும் அப்படியொன்று எப்போது?

மூன்று, இவ்வளவு சட்டம் போட்டால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள். இது பழைய பாட்டு. 1928இல் பம்பாய் மாகாணத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோதும் முதலாளிகள் தரப்பு சுமையைக் காட்டித்தான் எதிர்த்தது. மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாயின் ஓய்வு நாட்டின் நலன் என்றார். உழைப்பால் லாபம் பெறும் முதலாளியும் சுமையில் பங்கேற்க வேண்டும் என்றார். மறு ஆண்டு சட்டம் வந்தது. பெண்கள் மறைந்துவிடவில்லை. குறைந்த கூலிக்கு, குனிந்த தலையோடு, சங்கம் வைக்காமல் வேலை செய்வார்கள் என்றுதான் பெண்களை எடுக்கிறார்கள். ஒரு கழிப்பறைக்காக அந்த லாபத்தை விட்டுவிட மாட்டார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. வெப்ப எச்சரிக்கை நாளில் வேலைநேரம் தானாக மாற வேண்டும். நிறுத்திய நேரத்துக்குக் கூலி குறையக் கூடாது. கூலி இல்லாத ஓய்வு ஓய்வல்ல, பட்டினி. வெப்பத்தையும் ஈரத்தையும் வேலையிடத்திலேயே அளக்க வேண்டும். திறந்தவெளியோ கூரையோ, பெண்கள் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும், நாப்கின் போடக் கூடை உள்ள கழிப்பறை வேண்டும். அதைச் சுத்தம் செய்பவருக்குக் கையுறையும் முறையான சம்பளமும் வேண்டும். இல்லையென்றால் நம் உரிமையின் பாரம் இன்னொரு தலித் பெண்ணின் தலையில் ஏறும். அந்த உரிமை எனக்கு வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கும்போதே எங்கே வேலை செய்கிறாய், எத்தனை மணி நேரம் வெயிலில் என்று கேட்டு எழுத வேண்டும். எழுதினால்தான் எண்ணிக்கை. எண்ணிக்கை இருந்தால்தான் கோப்பு நகரும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் பள்ளியிலேயே இந்தப் பாடத்தைக் கற்றிருப்பீர்கள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டுபோய் நிரம்பியபடியே திருப்பிக் கொண்டுவந்திருப்பீர்கள். அது உங்கள் கூச்சம் அல்ல, அந்தக் கட்டடத்தின் குறை. உங்கள் கல்லூரியில் எத்தனை மாணவிகளுக்கு எத்தனை கழிப்பறை, எத்தனையில் தண்ணீர் வருகிறது, எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று நாளைக்கே எண்ணுங்கள். தேதி போட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, முதல்வரிடம் கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கடைக்குப் போனால் நாற்காலி எங்கே, ஊழியர் கழிப்பறை எந்த மாடியில் என்று கேளுங்கள். விற்கும் பெண்ணிடம் கேட்காதீர்கள், பதில் சொன்னால் அவர் வேலை போய்விடும். மேலாளரிடம் கேளுங்கள், பில் போடும் முன் கேளுங்கள், நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள்.